சுண்டக்கா கட்டிய தூளி

என் அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது சம்பளச் சீட்டோடு சரி. அவள் வேலை பார்க்கும் சரக்குக் கிடங்கில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. லாரி டிரைவர்கள், மூட்டை ஏற்றுபவர்கள், காவலாளி எல்லோருக்கும் அவள் சுண்டக்கா.

சரக்கை ஏற்றி, மேலே பட்டை பெல்ட்டுகளைப் போட்டு, ராட்செட் கைப்பிடியை ஆட்டி ஆட்டி இறுக்கி முடித்த பிறகு, ஒவ்வொரு லாரியையும் அவள் ஒரு சுற்று சுற்றி வருவாள். ஒவ்வொரு பெல்ட்டையும் நடுவிரலால் சுண்டுவாள். ‘டங்’ என்று கேட்டால் சரி. ‘தொப்’ என்று கேட்டால் அன்றைக்கு அந்த டிரைவர் யார் முகத்தில் விழித்தாரோ தெரியாது. எல்லாம் சரியென்றால் பின்கதவில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி, “போலாம்” என்பாள். அந்த ஒரு சொல் வராமல் கேட் திறக்காது. ஒருநாள் மேனேஜரே வந்து அவசரப்படுத்திப் பார்த்தார். வெயிலில் நின்றதுதான் மிச்சம்.

வீட்டிலும் இதே கதைதான். படுக்கை விரிப்பை அவள் செருகிவிட்டால் உள்ளே காலை நுழைக்க இன்னொரு ஆள் துணை வேண்டும். சின்ன வயதில் எனக்கு ஜடை போட்டவளும் அவள்தான். அவள் பின்னிவிட்ட நாட்களில் கண்ணைச் சிமிட்டவே கஷ்டமாக இருக்கும். தொளதொள என்று எது இருந்தாலும் அவளுக்குப் பொறுக்காது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், யாரோ சரியாக இறுக்காத லாரியிலிருந்து மரப்பெட்டிகள் சரிந்து நடுரோட்டில் விழுந்ததைக் கண்ணால் பார்த்தவள். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. ஆனால் அன்றிலிருந்து தொய்வு என்பது அவளுக்குக் கெட்ட வார்த்தை. அவள் ‘போலாம்’ சொன்ன எந்த வண்டியிலிருந்தும் இதுவரை ஒரு அட்டைப்பெட்டிகூட விழுந்ததில்லை. இதை அவளே சொல்லுவாள். யாரும் கேட்காமலேயே சொல்லுவாள்.

இனி என் விஷயம். நான் குண்டு. இதை நாசூக்காகச் சொல்ல நிறைய வார்த்தைகள் இருக்கின்றன; எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. மருந்துக்கடை கவுன்ட்டரில் நாள் முழுக்க நின்றபடி வேலை. நிற்பது எனக்குக் கஷ்டமே இல்லை. உட்காருவதுதான் கஷ்டம். சில வருஷங்களுக்கு முன்னால் கடை முதலாளி வீட்டு விருந்தில், பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று நான் உட்கார்ந்ததும் காலை விரித்துவிட்டது. கூட்டத்துக்கு நடுவே மல்லாக்க விழுந்தேன். சிரித்தவர்களைக்கூட மன்னித்துவிட்டேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு கைதூக்கிவிட ஓடி வந்தவர்களை இன்னும் மன்னிக்கவில்லை. இடுப்பின் அடி எலும்பில் விரிசல் விட்டிருந்தது. “இன்னொரு தடவை இப்படி விழுந்தா நான் பொறுப்பில்ல” என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதிலிருந்து எங்கே போனாலும் “பரவாயில்லைங்க, நான் நிக்கிறேன்” என்பதுதான் என் பாட்டு.

லீவு கிடைக்கும்போதெல்லாம் நானும் என் வீட்டுக்காரரும் அக்காவும் ஏரிக்கரைக்குப் போய் இரண்டு நாள் கூடாரம் போட்டுத் தங்குவோம். அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார், ஒல்லிக்குச்சி, கட்டாந்தரையில் துண்டை விரித்தாலும் அடுத்த நிமிஷம் குறட்டை வரும். நான் தரையில் படுத்தால் எழுப்ப ஆள் வேண்டும். மடக்குக் கட்டிலைப் பார்த்தாலே அந்த நாற்காலி ஞாபகம் வரும். அதனால் நான் கார் சீட்டில் முழங்காலை மடக்கிக்கொண்டு, கண்ணாடி வழியாக மரங்களைப் பார்த்தபடி தூங்குவேன். ஒரே ஒரு தடவை வெளியே, காற்றில், உடம்பை நீட்டிப் படுக்க வேண்டும் என்பது என் ஆசை. மறுபடி நாலு பேர் முன்னால் விழக் கூடாது என்பது என் பயம். ஆசையைவிடப் பயத்துக்குத்தான் கனம் அதிகம், என்னைவிடவும் அதிகம்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு மரத்துக்கு நடுவே கட்டித் தொங்கவிட்டுப் படுக்கும் துணிப் படுக்கை. ஹேமக் என்று பையில் போட்டிருந்தது.

“உனக்குத்தான் வாங்கினேன்” என்றார்.

“ஏங்க, எருமை மாதிரி வளந்தவளுக்குத் தூளி கட்டப் போறீங்களா?” என்று கேட்டேன். கேட்டேனே தவிர, துணியைத் தொட்டுப் பார்த்த கை திரும்பி வர மாட்டேன் என்றது. அவ்வளவு வழவழப்பு.

அக்கா வந்தாள். பையைக் கவிழ்த்தாள். கூடவே கொடுத்திருந்த இரண்டு மெல்லிய கயிறுகளைச் சுண்டுவிரலில் தூக்கிப் பார்த்தாள்.

“இது என்ன, பொட்டலம் கட்டவா?” என்று ஜன்னல் வழியாக வீசினாள். “மெல்லிசுக் கயிறு மரப்பட்டைய அறுக்கும், முடிச்சு வழுக்கும். பட்டையா, அகலமா பெல்ட் வேணும். நான் கட்டுறேன். நான் கட்டினது எதுவும் விழுந்ததில்ல, தெரியும்ல?”

“தெரியும், தெரியும்” என்றோம் நானும் அவரும் ஒரே குரலில்.

“சரி. உன் எடை என்ன?”

“சொல்ல மாட்டேன்.”

“லோடு எவ்வளவுன்னு தெரியாம நான் எப்படிடி கட்டுறது?”

“தலைகீழா நின்னாலும் சொல்ல மாட்டேன்.” உண்மையில் எனக்கே தெரியாது. எடை மெஷினைக் கண்டால் நான் தெரு மாறிப் போகிறவள்.

அக்கா வாதாடவில்லை. மறுநாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் என்னைக் கிடங்குக்குள் கூட்டிப்போனாள். பார்சல் எடை போடும் மேடையைக் காட்டினாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் எண் தெரியும் சின்னத் திரை மேல் தன் உள்ளங்கையைக் குடை மாதிரி வைத்து மறைத்தாள்.

“ஏறு. நீ மேல பாரு, ஃபேன் ஓடுது பாரு. நான் மட்டும்தான் பாப்பேன்.”

ஏறினேன். ஃபேனைப் பார்த்தேன். “இறங்கு” என்றாள். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அந்த எண்ணை அவள் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை, என் வீட்டுக்காரர் எத்தனை தடவை தூண்டில் போட்டும். இதற்காகவே அவளுக்குக் கோயில் கட்டலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுப் பின்பக்கம் ஒத்திகை. அங்கே நல்ல கனமான மரங்கள் இரண்டு உண்டு. அவள் புதுசாக இரண்டு ராட்செட் பெல்ட்டுகள் வாங்கி வந்திருந்தாள். பையோடு வந்த கொக்கிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எவ்வளவு தாங்கும் என்று அதில் பொறித்திருந்தது. “உன்ன மாதிரி ரெண்டு பேரத் தாங்கும். போதும்” என்றாள். பிறகு ராட்செட்டைப் பிடித்து இறுக்க ஆரம்பித்தாள். கடக், கடக், கடக். துணி மேலே ஏறிக்கொண்டே போனது. கடைசியில் நூல் பிடித்த மாதிரி நேராக, இஸ்திரி மேஜை போல நின்றது. அக்கா சுண்டினாள். டங்! அவள் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

“ஏறட்டுமா?” என்றேன்.

“ஆளா? முதல்ல லோடு” என்றாள்.

தண்ணீர்க் கேன்கள் வந்தன. என் எடைக்குச் சமமாக நிரப்பப் போகிறாள். நான் கேன்களை எண்ணக் கூடாது என்று திரும்பி நின்று சத்தமாகப் பாட ஆரம்பித்தேன். அவள் ஒவ்வொன்றாக ஏற்றுவது காதில் விழாமலிருக்கத்தான். கடைசிக் கேன் ஏறியதும் ‘டப்’ என்று ஒரு சத்தம். என் பாட்டு நின்றது. திரும்பிப் பார்த்தால் கொக்கி ஒன்று வாயைப் பிளந்து கிடக்கிறது. கேன்கள் உருண்டு, மூடி தெறித்து, பின்பக்கமெல்லாம் வெள்ளம்.

ஐயையோ, அந்த இடத்தில் நான் இருந்திருந்தால்! இடுப்பு எலும்பு தன்னால் வலித்தது.

“விடுக்கா. எனக்கு வேண்டாம். காரே போதும்” என்றேன். என் எடைத் தண்ணீரே விழுகிறதே, என்னை எது தாங்கும்?

அக்கா பிளந்த கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். “ரெண்டு பேரத் தாங்குற கொக்கி. ஒரு ஆள் எடைதான் வச்சேன். அதுவும் ரெண்டு பக்கமாப் பிரியுது. எப்படிப் பிளக்கும்?” என்று கொக்கியிடமே கேட்டாள்.

“யானைக்கும் அடி சறுக்கும் அண்ணி” என்றார் என் வீட்டுக்காரர், ஆறுதல் என்று நினைத்து. அவள் பார்த்த பார்வையில் அவர் அவசரமாக மூடி தெறிக்காத ஒரு கேனைத் தூக்கப் போனார்.

கேன் கனமாக இருந்ததால் அதன் கைப்பிடிக்குள் கழன்று கிடந்த பெல்ட் ஒன்றை நுழைத்து, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு அவரும் அக்காவும் வாசல் பக்கம் நடந்தார்கள். பக்கத்துப் பக்கத்தில் நடந்த வரைக்கும் ஒன்றுமில்லை. வழியில் கொட்டிய தண்ணீர் குட்டையாகத் தேங்கியிருந்தது. அதை மிதிக்காமல் அவர் இந்தப் பக்கம் ஒதுங்க, அவள் அந்தப் பக்கம் ஒதுங்க, நடுவில் பெல்ட் நேராகிக்கொண்டே போனது.

“ஐயோ கை! கை போச்சு!” என்று கத்தி அவர் முனையை விட்டார். கேன் குட்டையில் விழுந்து மூன்று பேரும் நனைந்தோம்.

அக்கா அசையவில்லை. “மாப்பிள்ளை, மறுபடி பிடிங்க.”

“எதுக்கு அண்ணி?”

“பிடிங்க. கிட்ட வாங்க. கனமா இருக்கா?”

“பாதிக் கேன் அளவுக்கு இருக்கு.”

“இப்ப பின்னால போங்க. இன்னும். இன்னும்.”

“அண்ணி, நான் என்ன பொம்மையா? அம்மா, விரல் பிய்யுது!”

“அதே கேன்தானே?”

“அதே கேன்தான்! ஆனா பத்துக் கேன் மாதிரி இழுக்குது!”

அக்கா பெல்ட்டைக் கீழே வைத்தாள். நெற்றியில் அடித்துக்கொண்டாள். எனக்கு அவள் அப்படிச் செய்து பார்த்த ஞாபகமே இல்லை.

“லாரியில சரக்கு கீழ பலகை மேல உக்காந்திருக்குடி. பெல்ட்டு அத அமுக்கி வைக்குது, அவ்வளவுதான். அதனால எவ்வளவு இறுக்குறோமோ அவ்வளவு நல்லது. இதுல சரக்கே பெல்ட்டுலதான் தொங்குது. நேரா இழுத்துக் கட்டினா ஒரு ஆளு அஞ்சு ஆளாயிடுறான். நான்தான் கொக்கியப் பிளந்தேன். உன் எடை இல்ல, என் கை.”

நான் அந்தக் கடைசி வார்த்தைகளை இன்னும் ஒரு தடவை கேட்க வேண்டும் என்று நின்றேன். உன் எடை இல்லை. சரியாகத்தான் கேட்டேன். மனசு லேசானது.

அன்று சாயங்காலமே முகாம் சாமான் கடைக்குப் போனோம். தலைமுடியில் எண்ணெய் வழியும் கடைக்காரர் ஒரு கயிற்றை எடுத்து நீட்டி, “இதுல யானையே தூங்கலாம் மேடம்” என்றார். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“யானை வரலீங்க, என் தங்கச்சிதான் வந்திருக்கா” என்றாள் அக்கா. “எவ்வளவு தாங்கும்னு எங்க எழுதியிருக்கு, காட்டுங்க.”

எழுதாத எதையும் அவள் தொடவில்லை. கடைசியில் உள்ளங்கை அகலத்தில் பாதி இருக்கும் பாலியஸ்டர் பட்டை இரண்டு எடுத்தாள். நீளவாக்கில் காது மாதிரி துணி வளையங்கள் வரிசையாகத் தைத்தவை. கொக்கியை வேண்டிய காதில் மாட்டினால் போதும், இறுக்க வேண்டிய வேலையே இல்லை. நைலானை ஒதுக்கினாள். “அது இழுபடும். படுக்கும்போது மேல இருப்ப, விடியும்போது தரையில இருப்ப” என்றாள். தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மலையேறுபவர்கள் வாங்கும் திருகுப் பூட்டு வைத்த கொக்கிகள் இரண்டு. சாவி மாட்டுகிற அழகுக் கொக்கிகளும் பக்கத்திலேயே கலர் கலராகத் தொங்கின. என் கை போனபோது புறங்கையில் ஒரு அடி விழுந்தது.

மறுபடி ஒத்திகை. இந்த முறை பட்டைகளை அவள் தலைக்கு மேலே, கை எட்டும் உயரத்தில் மரத்தைச் சுற்றிப் போட்டாள். நடுவில் துணி வாழைப்பழம் போல வளைந்து தொங்கியது. மரத்தின் பக்கம் நின்று சுட்டுவிரலைத் துணியை நோக்கி நீட்டி, கட்டைவிரலைத் துப்பாக்கி மாதிரி தூக்கி, இரண்டு நுனிக்கும் நடுவே ஒரு கோடு இருப்பதாக நினைத்துப் பார்த்தாள். பட்டை அந்தச் சாய்வில் இருக்க வேண்டுமாம். இல்லையென்றால் ஒரு காது தள்ளி மாட்டினாள். அடிப்பக்கம் நாற்காலி உயரம். “எது நடந்தாலும் முழங்கால் உயரத்துக்கு மேல இருந்து விழக் கூடாது” என்றாள். கேன்களை ஏற்றினாள். நான் பாடினேன். என் எடைக்கு மேலேயும் ஏற்றினாள். நான் இன்னொரு பாட்டும் பாடினேன். ராத்திரி முழுக்க அப்படியே விட்டு, விடிந்ததும் வந்து பார்த்தோம். கேன்கள் சொகுசாகத் தூங்கிக்கொண்டிருந்தன.

ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது. அங்கே ஏற்கெனவே ஏழெட்டுக் கூடாரங்கள். வெளியே மடக்கு நாற்காலிகளில் ஆட்கள், பந்து விளையாடும் பிள்ளைகள். பார்க்கிறவர்கள் இல்லாத இடமாகத் தேடலாம் என்றேன். அக்கா காதில் வாங்கவில்லை. அவள் மரம் தேடிக்கொண்டிருந்தாள். உயிரோடு இருக்கும் மரமா என்று மரப்பட்டையைத் தட்டிப் பார்த்தாள். அடிமரத்தைக் கட்டிப்பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அண்ணாந்து பார்த்து, காய்ந்த கிளை தொங்கிய ஒன்றை வேண்டாம் என்றாள். தேறிய இரண்டும் எல்லாக் கூடாரங்களுக்கும் நட்ட நடுவில் நின்றன. என் ராசி அப்படி.

கட்டி முடித்தாள். கீழே கிடந்த கற்களைப் பொறுக்கி எறிந்தாள். கேன்களை ஏற்றி இறக்கினாள். பழக்கதோஷத்தில் பட்டையைச் சுண்டினாள்.

தொப்.

அவள் முகம் போன போக்கைப் பார்த்தேன். இத்தனை வருஷமாக அந்தச் சத்தத்தைக் கேட்டால் வண்டியை நிறுத்தியவள். அவள் கை தன்னால் அடுத்த காதை நோக்கிப் போனது, இறுக்குவதற்கு. பாதி வழியில் நின்றது. “வேண்டாம்” என்று தன் கையிடமே சொன்னாள். “உக்காரு” என்று என்னிடம் சொன்னாள்.

மடக்கு நாற்காலிகளில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பிள்ளைகளின் பந்துகூட நின்றுவிட்டது. என் வாய் “பரவாயில்லைங்க, நான்” என்று ஆரம்பித்தேவிட்டது. அதை நானே விழுங்கினேன். துணியை அகலமாக விரித்து, நடுவில் பின்புறமாக உட்கார்ந்தேன். துணி இறங்கியது. என் உயிரும் கூடவே இறங்கியது. ஆனால் ஓர் அளவுக்கு மேல் அது இறங்கவில்லை. பாதம் இன்னும் தரையில் இருந்தது. ஒரு காலைத் தூக்கினேன். இன்னொரு காலையும் தூக்கினேன். அக்கா சொல்லிக்கொடுத்த மாதிரி கொஞ்சம் குறுக்காகச் சாய்ந்தேன். தலைக்கு மேல் இலைகள், இலைகளுக்கு மேல் வானம், நடுவில் கண்ணாடி இல்லை.

எங்கும் எதுவும் உடையவில்லை. பந்து மறுபடி உருள ஆரம்பித்தது. நாற்காலிக்காரர்கள் தங்கள் பேச்சுக்குத் திரும்பினார்கள். என்னைப் பற்றி அவர்களுக்கு அவ்வளவுதான் அக்கறை! இத்தனை வருஷம் இவர்களுக்காகவா நான் நின்றுகொண்டிருந்தேன் என்று எனக்கு ஆத்திரமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கண்ணோரம் தண்ணீர் காது வரைக்கும் வழிந்தது. துடைக்கவில்லை. நீட்டிப் படுத்தவள் எதற்குக் கையை மடக்க வேண்டும்?

தலைமாட்டில் மூச்சுச் சத்தம் கேட்டது. தலையைத் திருப்பிப் பார்த்தேன். அக்கா கொக்கிக்குப் பக்கத்தில் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல் முட்டிகள் வெளுத்திருந்தன.

“ஏன்க்கா, நீ கட்டினதுதானே?”

“ஆமா.”

“லோடு பாத்தாச்சுதானே?”

“பாத்தாச்சு.”

“அப்புறம் எதுக்குப் பிடிச்சிட்டு நிக்கிற? விடு.”

“தொளதொளன்னு இருந்துச்சேடி.”

“விடுக்கா.”

ஒவ்வொரு விரலாக எடுத்தாள். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள், ஏதாவது செய்துவிடுமோ என்று அவற்றின் மேல் நம்பிக்கையில்லாதவள் போல. நான் லேசாக ஆடினேன். மரம் அசையவில்லை. பட்டை வழுக்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பொறுக்க முடியாமல் ஒரு கையை முன்னால் கொண்டுவந்து பட்டையைச் சுண்டினாள்.

டங். லாரியில் கேட்கிற மாதிரி உச்சக்குரலில் இல்லை. அடிக்குரலில், ஆனால் தெளிவாகக் கேட்டது. துணி வழியாக என் முதுகுக்கும் அது வந்தது.

“அட, நீ படுத்தாத்தான் பேசுதுடி இது!” என்றாள். அவள் முகத்தில் சிரிப்பு பரவியது.

சுற்றி வந்தாள். இந்தக் கொக்கி, அந்தக் கொக்கி, இந்த மரம், அந்த மரம். ஒரு சுற்று முழுசாக முடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். துணிக்கு அடியில், என் முதுகில், உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள்.

“போலாம்” என்றாள்.